பட்டணமா, சொந்த ஊரா? இரண்டிலும் பிள்ளை வளர்த்தவள் சொல்கிறேன்

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணி இருக்கும். அடுப்பைத் துடைத்துவிட்டு, மறுநாள் குழம்புக்குக் கொண்டைக்கடலை ஊறப் போட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வேளச்சேரியிலிருந்து என் தங்கை மகள். கல்யாணமாகி மூன்று வருஷம், கையில் ஏழு மாதக் குழந்தை.

"பெரியம்மா, நாங்க பேசாம ஊருக்கே வந்துடலாமா?" என்றாள். குரலில் அழுகை ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அவர் காலையில எட்டு மணிக்குப் போனா ராத்திரி ஒன்பதுக்குத்தான் வர்றார். நாள் முழுக்க இந்தப் பிள்ளைகிட்ட மட்டும்தான் பேசிட்டிருக்கேன். அவருக்குத் திருச்சியில ஒரு வேலை வருது, ஆனா சம்பளம் குறைச்சல். அங்க போனா பிள்ளையோட படிப்பு கெட்டுப் போயிடும்னு மாமியார் சொல்றாங்க. நீங்க ரெண்டு ஊர்லயும் பிள்ளை வளர்த்தவங்க. வரலாமா, வேண்டாமான்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. "நாளைக்குப் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கமே இல்லை. நான் சென்னையில் 15 வருஷம் குடித்தனம் செய்தவள். 2019லிருந்து புதுக்கோட்டையில் இருக்கிறேன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய எனக்குப் பெரிய விஷயம் ஒன்றும் தெரியாது. ஆனால் இரண்டு ஊர்களிலும் ஆளுக்கொரு ராத்திரி என் இரண்டு பிள்ளைகளும் என்னைப் பதற வைத்தார்கள். அந்த இரண்டு ராத்திரிகளையும்தான் மறுநாள் அவளிடம் சொன்னேன். அதையே உங்களிடமும் சொல்கிறேன், சகோதரிகளே.

குரோம்பேட்டையில் ஒரு ராத்திரி

2008 பிப்ரவரி. பெரியவனுக்கு ஒன்றரை வயது. குரோம்பேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. என் கணவர் கம்பெனி வேலையாக ஓசூர் போயிருந்தார். சாயங்காலத்திலிருந்தே பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு விறைத்துக் கண் மேலே செருகிவிட்டது. கை, கால் வெட்டி வெட்டி இழுத்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஊரில் பார்த்த பழக்கத்தில் பீரோ சாவியை எடுத்து அவன் கையில் திணித்தேன். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

அந்த மாடியில் எங்கள் வீட்டைத் தவிர மூன்று கதவுகள். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியவில்லை. நாலு வருஷமாக அங்கே குடியிருந்தும், அந்த மூன்று வீடுகளில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது! யாரையும் எழுப்பாமல் கீழே ஓடினேன். வாட்ச்மேன்தான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது அந்த வருஷம் செப்டம்பரில்தான்.

பத்தே நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. அதற்குள் இழுப்பு நின்றிருந்தது. காய்ச்சலால் வந்த வலிப்புதான், பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் கவுன்டரில் முன்பணம் கேட்டபோதுதான் பர்ஸ் எடுத்து வராதது தெரிந்தது. காலில் செருப்புகூட இல்லை. ஆட்டோக்காரர் தன் சட்டைப்பையிலிருந்து 300 ரூபாயை எடுத்துக் கட்டினார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மறுநாள் விஷயம் தெரிந்து எதிர்வீட்டு அம்மா வந்தார். "ஏம்மா, என் கதவைத் தட்டியிருக்கக் கூடாதா? நான் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸும்மா" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எட்டடி தூரத்தில் ஒரு நர்ஸை வைத்துக்கொண்டு நான் வெறுங்காலோடு தெருவில் ஓடியிருக்கிறேன்.

இளம் தாய்மார்களுக்காக அந்த அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்ததை இங்கே எழுதுகிறேன். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது இப்படி வலிப்பு வருவதுண்டு. பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானாகவே நின்றுவிடும். குழந்தையைத் தரையிலோ பாயிலோ ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். சட்டையைத் தளர்த்திவிட வேண்டும். வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர், மருந்து எதுவும் வைக்கக் கூடாது. கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. சாவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. உடனே கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, மூச்சு சரியில்லை என்றாலோ ஒரு கணமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீக்கிரம் நின்றுவிட்டாலும், முதல் தடவை வந்தால் டாக்டரிடம் கண்டிப்பாகக் காட்ட வேண்டும்.

பட்டணம் கொடுத்தது, எடுத்துக்கொண்டது

சென்னையைக் குறை சொல்ல மாட்டேன். அது என் பிள்ளைகளுக்குக் கொடுத்தது கொஞ்சநஞ்சமில்லை. கன்னிமாரா நூலகம், பிர்லா கோளரங்கம், எழும்பூர் மியூசியம், ஞாயிற்றுக்கிழமை கடற்கரை எல்லாமே சாதாரண சம்பளக்காரருக்கும் எட்டுகிற செலவில். என் மகனோடு விளையாடிய பையன்களில் தெலுங்கு பேசுகிறவன், உருது பேசுகிறவன், இந்தி பேசுகிறவன் எல்லோரும் உண்டு. யாரும் யார் வீட்டு விஷயத்தையும் துருவிக் கேட்டதில்லை. நான் சுடிதார் போட்டால் அதற்கு ஒரு பஞ்சாயத்து கிடையாது. எந்த வியாதிக்கு எந்த ஸ்பெஷலிஸ்ட் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம்.

எடுத்துக்கொண்டது நேரத்தை. அப்பா வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அப்பாவின் முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். விளையாட இடம் என்றால் கார் நிறுத்தும் இடம்தான். பந்து யார் வண்டியில் பட்டாலும் சண்டை. கடைக்கு ஒரு தீப்பெட்டி வாங்கக்கூடப் பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயம். பன்னிரண்டு வயது வரை என் மகன் தனியாக ரோட்டைக் கடந்ததில்லை. 

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். 2019 கோடையை மறக்க முடியுமா? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் கட்டடத்தில் எட்டுக் குடித்தனமும் சேர்ந்து லாரித் தண்ணீர் வாங்கினோம். லாரி எப்போது வரும் என்று தெரியாமல் ராத்திரி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்போம். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளை குடத்தோடு படியேறினான்.

கிளம்ப வைத்த புயல்

நாங்கள் ஊருக்கு வந்ததற்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் வந்தது. டெல்டா மாவட்டங்களோடு புதுக்கோட்டை மாவட்டத்தையும் போட்டுப் புரட்டிவிட்டது. ஆலங்குடி பக்கத்தில் என் மாமனாருக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு. முக்கால்வாசி மரம் ஒரே ராத்திரியில் சாய்ந்துவிட்டது. அத்தை அதற்கு முந்தின வருஷம்தான் காலமாகியிருந்தார். புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மாமா இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் போய்ப் பார்த்தபோது, "மரம் போனா வெச்சுக்கலாம். பேச ஆளில்லைம்மா" என்றார். 

ஆறு மாதம் யோசித்தோம். திருச்சிக் கிளைக்கு மாற்றல் கேட்டு, சம்பளக் குறைவையும் ஒப்புக்கொண்டு, 2019 மே மாதக் கடைசியில் சாமான்களை ஏற்றினோம்.

சொந்த ஊரில் முதல் வருஷம்

'ஊருக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நினைக்கிற சகோதரிகளுக்குச் சொல்கிறேன். முதல் வருஷம் நான் குளியலறையில் அழுத நாட்கள் உண்டு.

மகன் எட்டாம் வகுப்பு. புதுப் பள்ளியில் அவனுக்கு 'மெட்ராஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "உங்களுக்காக என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரையும் விட்டுட்டு வந்தேன்" என்று ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டுப் போனான். இன்னொரு நாள் விளையாடிவிட்டு வந்து, "அம்மா, நாம என்ன ஆளுங்கன்னு கேக்குறாங்க. என்ன சொல்லணும்?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. சென்னையிலும் வீட்டுக்காரர்கள் வேறு விதமாகச் சுற்றி வளைத்துக் கேட்டவர்கள்தான். ஆனால் விளையாட்டு மைதானத்தில் பிள்ளையிடம் கேட்டதில்லை. "பேரைச் சொல்லு, படிக்கிற ஸ்கூலைச் சொல்லு. அதுக்கு மேலே கேட்டா, அம்மாகிட்ட வந்து கேக்கச் சொல்லு" என்றேன். இன்று வரை யாரும் வந்து கேட்கவில்லை.

அவனை மாற்றியது நானில்லை, அவனுடைய ஐயாதான். சனி, ஞாயிறில் தோப்புக்குக் கூட்டிப் போவார். குழி வெட்டுவது, தென்னங்கன்று வைப்பது, பாத்தி கட்டித் தண்ணீர் விடுவது எல்லாம் பழக்கினார். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் சாயங்காலம் மண் அப்பிய காலோடு வந்தவன், "அம்மா, இன்னைக்கு ஆறு கன்னு வெச்சோம்" என்றான். அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். 2020ல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்களே, அப்போது சென்னையில் தீப்பெட்டி போன்ற வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகளை நினைத்துக்கொள்வேன். இங்கே ஒரே ஒரு செல்போனில் இரண்டு பேருக்கும் பாடம் நடத்துவது திண்டாட்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் மொட்டை மாடி இருந்தது, தோப்பு இருந்தது, கதை சொல்ல ஐயா இருந்தார்.

சின்னவளுக்குக் கிடைத்தது சைக்கிள். பக்கத்து வீட்டு அத்தாச்சிக்கு அறுபது வயதுக்கு மேலே. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொள்ள ஊக்கம் கொடுத்தார். கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலை செய்கிற பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் அப்போது சைக்கிள் மிதித்தார்கள். அவர்களில் அத்தாச்சியும் ஒருவர். "என்னைப் பாத்து அப்ப சிரிக்காத ஆளே இல்ல. இப்ப சிரிச்சவன் பொஞ்சாதியெல்லாம் ஸ்கூட்டர்ல போறா" என்பார். அவர்தான் ஏழு வயதுப் பெண்ணைப் பின்னால் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க ஓடினார். சென்னையில் அந்தப் பிள்ளை சைக்கிளை டி.வி.யில்தான் பார்த்திருக்கும்.

ஊர் வாயும் உண்டு. பெண் சைக்கிளில் எந்தத் தெரு வழியாகப் போனாள் என்று அவள் வீட்டுக்கு வருவதற்குள் எனக்குச் செய்தி வந்துவிடும். அது காவலும்தான், கெடுபிடியும்தான். வயது ஏற ஏறக் கெடுபிடி அதிகமாகும். "பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு எதுக்கு?" என்று கேட்பவர்களிடம் பதில் சொல்கிற தைரியம் ஊரில் இருக்கிற தாய்க்கு வேண்டும்.

திருச்சி ரோட்டில் ஒரு ராத்திரி

இப்போது இரண்டாவது ராத்திரி. 2021 அக்டோபர். சின்னவளுக்கு ஒன்பது வயது. மத்தியானத்திலிருந்து தொப்புளைச் சுற்றி வலி என்றாள். ஐயா ஓமத் தண்ணீர் கொடுத்தார். விளக்கெண்ணெய் கொடுத்தால் வயிறு சுத்தமாகிவிடும் என்று நானே பாட்டிலை எடுத்துவிட்டேன். அத்தாச்சிதான், "இருடி, வலி இடம் மாறுது பாரு" என்று தடுத்தார். சாயங்காலம் வலி வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. வாந்தி, லேசாகக் காய்ச்சல். நடக்கும்போது குனிந்து குனிந்து நடந்தாள்.

ராத்திரி பத்து மணிக்குத் தெரிந்த நர்சிங் ஹோமுக்குப் போனோம். "குடல்வால் மாதிரி தெரியுது. சின்னப் பிள்ளை. இந்த நேரத்துல மயக்க மருந்து டாக்டர் எங்ககிட்ட இல்ல. திருச்சி போயிடுங்க" என்றார்கள். திருச்சி 50 கிலோமீட்டருக்கு மேலே. அத்தாச்சி மகன் ஒரு வார்த்தை கேட்காமல் காரை எடுத்தான். அத்தாச்சி மாமாவுக்கும் மகனுக்கும் துணையாக எங்கள் வீட்டில் படுத்துக்கொண்டார். எதிர்வீட்டிலிருந்து தலையணை, போர்வை, பிளாஸ்க், 5,000 ரூபாய் எல்லாம் நான் கேட்காமலே வண்டிக்குள் வந்தன. குரோம்பேட்டையில் பர்ஸ்கூட இல்லாமல் நின்றவளுக்கு இங்கே கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மடியில் முனகுகிற பிள்ளையோடு அந்த இருட்டு ரோட்டில் ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லும் எனக்கு ஒரு வருஷமாக இருந்தது. விடிகாலையில் ஆபரேஷன் ஆயிற்று. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெடிச்சிருக்கும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "நம்ம ஊர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில விசாரிச்சீங்களா?" புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி 2017லேயே வந்துவிட்டது. அங்கே ராத்திரியில் என்னென்ன பார்ப்பார்கள் என்று ஒரு தடவைகூட விசாரித்து வைக்காதது என் தப்பு. நான் சின்ன வயதில் பார்த்த ஊர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் மாறிவிட்டது. 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், திண்டுக்கல், ராமநாதபுரம், அரியலூர், நாகப்பட்டினம் என்று ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே விசாரியுங்கள்.

விளக்கெண்ணெய் விஷயத்தையும் மறந்துவிடாதீர்கள். தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகர்கிற வலி என்றால் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. சாப்பாடும் கொடுக்காமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு ராத்திரியிலும் ஒரே தப்பு

சென்னையில் ஆஸ்பத்திரி பக்கத்தில், மனிதர்கள் தூரத்தில். புதுக்கோட்டையில் மனிதர்கள் பக்கத்தில், ஆஸ்பத்திரி தூரத்தில். இப்படித்தான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அது சரியில்லை. அங்கே நர்ஸம்மா எட்டடியில் இருந்தார். இங்கே பெரிய ஆஸ்பத்திரி ஊரிலேயே இருந்தது. ஊர் தானாகக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு நான் சும்மா இருந்துவிட்டேன். கொடுக்காததைத் தேடி வைக்கவில்லை. 

எந்த ஊரும் பிள்ளையை முழுசாக வளர்த்துக் கொடுக்காது. மிச்சத்தை வீடுதான் செய்ய வேண்டும். இதற்குப் புதுக்கோட்டையிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886ல் இங்கே பிறந்தவர். அந்தக் காலத்தில் பெண்ணுக்கு இந்த ஊரில் கல்லூரி வாசல் திறந்திருக்கவில்லை. அப்பா வீட்டில் வைத்தே படிக்க ஏற்பாடு செய்தார். பிறகு ராஜாவின் அனுமதியோடு ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912ல் டாக்டரானார். 1954ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதும் அவர்தான். சின்ன ஊர் கொடுக்காததை வீடு கொடுத்தது, அதற்கு மேலே வேண்டியதைப் பட்டணம் கொடுத்தது. அவர் பெயரில்தான் இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கிறது.

பணக் கணக்கு

பணத்தைப் பேசாமல் குடும்பம் ஏது? 2019ல் எங்கள் கணக்கு இது. சென்னையில் வாடகை 13,500, தண்ணீருக்கு 1,500. ஆக, ஊருக்கு வந்ததில் 15,000 மிச்சம். சம்பளத்தில் 8,000 குறைந்தது. என் கணவர் தினம் திருச்சி போய்வர பஸ், டீ, டிபன் எல்லாம் சேர்த்து 3,000. கடைசியில் கையில் நின்றது 4,000தான். 'ஊரில் பாதிச் செலவில் ராஜ வாழ்க்கை' என்பதெல்லாம் பேச்சு. சொந்த வீடு இருந்ததால் இதுவாவது நின்றது. அந்த 4,000ஐ மாதாமாதம் போஸ்டாபீஸ் ஆர்.டி.யில் போட்டேன். சின்னவள் ஆபரேஷனுக்கு அதுதான் கைகொடுத்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

பட்டணத்தில் இருக்கிறவர்களுக்கு:

1. உங்கள் மாடியில் மூன்று கதவுகளையாவது பகலிலேயே தட்டிப் பழகுங்கள். ஒரு கிண்ணம் சுண்டல் போதும். பெயரையும் போன் நம்பரையும் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள்.

2. கைக்குழந்தைக்காரர்கள் தினமும் ஒரு மணி நேரமாவது வெளியே வாருங்கள். பூங்கா, கோயில், காய்கறிக் கடை எதுவானாலும் சரி. பிரசவத்துக்குப் பின் காரணமில்லாத அழுகை, தூக்கமின்மை, எதிலும் ஆசையின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சோம்பலோ திமிரோ இல்லை, வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். டாக்டரிடம் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

3. லீவுக்குத் தாத்தா, பாட்டி வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். கோச்சிங் வகுப்பு பத்து நாள் காத்திருக்கும்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு:

1. குழந்தை டாக்டர், ஆபரேஷன், பாம்புக்கடி இவற்றுக்கு ராத்திரியில் எந்த ஆஸ்பத்திரி என்று இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். 108 நம்பர் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும். மருத்துவக் காப்பீட்டு அட்டையைத் தேடாமல் எடுக்கிற இடத்தில் வையுங்கள்.

2. அவசரத்துக்கென்று தனியாக ஒரு தொகை சேர்த்து வையுங்கள்.

3. படிப்பு கெட்டுவிடும் என்று மிரளாதீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020லிருந்து இருக்கிறது. என் மகள் இப்போது அரசுப் பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு. ஆனால் புத்தகமும் நூலகமும் நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பெரிய ஊரைக் காட்டுங்கள். நம் தெருவோடு உலகம் முடியவில்லை என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

அவளுக்கு நான் சொன்னது

மகன் 2024ல் பிளஸ் டூ முடித்து, எந்த ஊரை விட்டு அழுதுகொண்டு வந்தானோ அதே சென்னைக்குப் படிக்கப் போய்விட்டான். ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரமே அந்த மாடியில் இருக்கிற அத்தனை பையன்கள் பெயரையும் ஊரையும் போனில் ஒப்பித்தான். "எப்படிடா?" என்றேன். "ஊர்ப் பழக்கம்மா" என்றான். 

தங்கை மகளிடம் வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. "இப்ப உனக்கு இல்லாதது ஊரா, பேச ஆளா? அதை முதல்ல பாரு. ஒரு மாசம் கதவைத் தட்டிப் பாரு. அப்புறமும் மூச்சு முட்டினா, திருச்சி வேலையைப் பத்திப் பேசலாம். வந்தா என்னென்ன விசாரிக்கணும்னு நான் எழுதித் தர்றேன்" என்றேன்.

நேற்று மறுபடி போன் வந்தது. பின்னணியில் இரண்டு குழந்தைகளின் சத்தம். "பெரியம்மா, எதிர்வீட்டு அக்கா காரைக்குடிக்காரங்க. அவங்களுக்கும் ஒன்பது மாசப் பிள்ளை இருக்கு. இவ்வளவு நாளா அவங்களும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்திருக்காங்க" என்றாள்.

திருச்சி வேலைக்குப் பதில் சொல்ல இன்னும் பதினைந்து நாள் இருக்கிறதாம். என்ன முடிவு செய்வாளோ, தெரியாது. ஆனால் குரலில் அன்றைக்கு இருந்த அழுகை இல்லை.